அவர் மட்டும் ரெண்டாள்

பெஞ்சு என்பது உட்காருவதற்கு என்றுதான் உலகம் நினைத்துக்கொண்டிருக்கிறது. அந்தப் பெரிய பூங்காவில் வேலை பார்த்த ஆண்களைக் கேட்டால் வேறு பதில் சொல்வார்கள். பெஞ்சு என்பது தூக்குவதற்கு. அதுவும் சும்மா தூக்குவதற்கு இல்லை, நாலு பேர் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும்போது தூக்கிக் காட்டுவதற்கு. பார்க்க ஆள் இல்லாத நாட்களில் பெஞ்சுகள் போட்டது போட்டபடி கிடக்கும். அவசரமாவது மண்ணாங்கட்டியாவது!

இதையெல்லாம் பதினெட்டு வருஷமாகப் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போனவள் ஸ்டோர்க்காரம்மா. பூங்காவின் சாமான் அறை அவள் பொறுப்பு. தகரக் கூரை போட்ட நீள அறை. மண்வெட்டிகள், செடி வெட்டும் கத்தரிகள், சுருட்டி வைத்த ரப்பர் குழாய்கள், உர மூட்டைகள், மூட்டையை நிறுக்கத் தரையோடு தரையாகப் பதித்த ஒரு தராசு. அவள் மேஜைக்கு நேராக ஒரு ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே மேட்டுப் பாதை, அதன் இரண்டு பக்கமும் பெஞ்சுகள், பாதை சரிந்து இறங்கி முடிகிற இடத்தில் குளம். அந்த ஜன்னலை எதிர்ச் சுவரில் வைத்துக் கட்டியிருந்தால் அவள் வாழ்க்கை நிம்மதியாகப் போயிருக்கும். கட்டியவனுக்கு என்ன தெரியும்?

மேட்டுப் பாதையில் நடந்த கூத்துக்கெல்லாம் கதாநாயகன் அவள் புருஷன்.

பூங்காவில் அவரை எல்லாரும் 'ஒத்தையாள்' என்பார்கள். ஒத்தை ஆளாகப் பெஞ்சைத் தூக்குவார் என்பதால் வந்த பேர். தூக்குவது என்றால் முழுசாகத் தூக்குவது இல்லை. ஒரு முனையை உயர்த்தி, மறு முனையைத் தரையில் ஊன்றவிட்டு, இடுப்பைத் திருப்பி அரை வட்டமாகச் சுற்றி வைப்பார். அப்புறம் இந்த முனையை ஊன்றி அந்த முனையைச் சுற்றுவார். மாற்றி மாற்றி வைத்தால் பெஞ்சு தானே நடந்து போகிற மாதிரி இருக்கும். பெஞ்சின் கால் தேயும், பாதையில் பதித்த கல் பெயரும், தூக்குகிறவன் முதுகெலும்பு முறுக்கிக்கொள்ளும். அதைப் பற்றி யாருக்குக் கவலை? பார்க்க நன்றாக இருக்கிறதே!

ஒரு உண்மையையும் சொல்லிவிட வேண்டும். அந்தக் கூத்துக்குக் கைதட்டியவர்களில் அவளும் ஒருத்தி. இருபத்தைந்து வயதில் சாமான் கணக்கெடுக்கத் தற்காலிக வேலைக்கு வந்தவள், வந்த மூன்றாம் நாளே ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிப் பட்பட்டென்று கைதட்டினாள். அவர் திரும்பிப் பார்த்தார். அடுத்த வருஷம் கல்யாணம். அந்தக் கைதட்டலை நினைத்தால் அவளுக்கு இப்போதும் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றும். அன்றைக்குப் புத்தியை எந்தப் பரணில் கழற்றி வைத்திருந்தாளோ!

அந்தப் பூங்காவின் எடைக் கணக்கு ஒரு தனிக் கணக்கு. ஊர் உலகத்தில் எடை என்றால் கிலோ. அங்கே மட்டும் ஆள். கம்பிப் பெஞ்சு 'ரெண்டாள் பெஞ்சு'. மரச்சட்டம் அடித்து இரும்புக் கால் வைத்தது 'மூணாள் பெஞ்சு'. முழு வார்ப்பிரும்பில் தடித்த பலகை போட்டது 'நாலாள் பெஞ்சு'. நோட்டிலும் அப்படித்தான் எழுதியிருக்கும். எந்த ஆள், எவ்வளவு பெரிய ஆள், காலையில் சாப்பிட்டு வந்த ஆளா, பட்டினியாக வந்த ஆளா என்றெல்லாம் கேட்கக் கூடாது. ஆள் என்றால் ஆள், அவ்வளவுதான்.

அந்த நோட்டின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் அடிக்கோடு போட்டு ஒரு வரி இருந்தது: 'ஒத்தையாள் வரும் இடத்தில் அவரை இரண்டு ஆளாகக் கொள்க.' அவர் முப்பத்து மூன்று வயதில் கல்லுக்குண்டு மாதிரி இருந்த காலத்தில், அப்போதிருந்த சூப்பிரண்டு பூரித்துப்போய் எழுதிய வரி. எழுதிய கையோடு, பெஞ்சு தூக்குகிற நாலு பேரில் ஒரு ஆள் மிச்சம் என்று கண்டுபிடித்து, அந்த ஆளைச் செடி வளர்க்கும் பக்கத்துக்கு மாற்றிவிட்டார். என்ன மூளை! அன்றிலிருந்து பெஞ்சு வேலைக்கு மூன்றே பேர். அதற்குப் பிறகு ஐந்து சூப்பிரண்டுகள் வந்து போய்விட்டார்கள். ஒத்தையாளுக்கு ஐம்பத்தொரு வயது ஆகிவிட்டது. நோட்டில் மட்டும் அவர் முப்பத்து மூன்றைத் தாண்டவில்லை.

ஒரு தடவை பழுது பார்க்க வந்த நாலாள் பெஞ்சை அவள் தராசில் போட்டுப் பார்த்தாள். ஒரு பக்கத்துக் கால்களைத் தராசின் மேல் ஏற்றிக் குறித்துக்கொண்டாள், அப்புறம் மறுபக்கத்துக் கால்கள். எழுபத்தொன்றும் அறுபத்தேழும். கூட்டினால் நூற்று முப்பத்தெட்டு கிலோ. மழையில் நனைந்தால் இன்னும் நாலைந்து கூடும். நாலு பேர் பிடித்தால் ஆளுக்கு முப்பத்தைந்து கிலோகூட வராது. ஆனால் மூன்றே பேர் பிடித்து, அதுவும் சரிவில் இறக்கினால், கீழே நிற்கிறவன் பாடு திண்டாட்டம்தான். மேலே பிடித்தவன் கை விட்டால் அவன் காலை யாரும் காப்பாற்ற முடியாது.

இதை அவள் இப்போதைய சூப்பிரண்டிடம் போய்ச் சொன்னாள். ஒவ்வொரு பெஞ்சிலும் கிலோவை எழுதி வைத்தால் தூக்குகிறவனுக்குத் தெரியுமே என்றாள். சூப்பிரண்டு ரொம்ப நல்ல யோசனை என்று தலையை ஆட்டினார். பெயின்டரைக் கூப்பிட்டார். அப்புறம் ஒரு கணம் யோசித்தார்.

"ஆனா பெஞ்சு மேல நம்பர் தெரிஞ்சா அசிங்கமா இருக்கும்மா. வர்றவங்க போட்டோ எடுப்பாங்க. அடியில எழுதிடலாம்."

நூற்று இருபது பெஞ்சுக்கும் அடியில் எழுதினார்கள். அந்தப் பெஞ்சு எவ்வளவு கனம் என்று தெரிந்துகொள்ள வேண்டுமானால் முதலில் அதைத் தூக்கிப் புரட்டிப் பார்க்க வேண்டும். சூப்பிரண்டுக்கு இதில் ஒரு கோளாறும் தெரியவில்லை. மேலிடத்துக்கு அறிக்கைகூட அனுப்பினார்.

டிராலி கதையும் இந்த லட்சணம்தான். இரண்டு வருஷம் எழுதிக் கேட்டு, காற்றடைத்த பெரிய சக்கரம், இறுக்கிக் கட்டும் வார்ப்பட்டை, பின்னால் இழுத்துப் பிடிக்கக் கயிறு எல்லாம் வைத்த ஒரு டிராலியை அவள் வாங்கி வைத்தாள். பெஞ்சின் ஒரு முனையை ஓரடி உயர்த்தினால் போதும், அடியில் தள்ளிக் கட்டிவிடலாம். முதல் நாள் எல்லாரும் சுற்றி நின்று சக்கரத்தைத் தட்டிப் பார்த்தார்கள். மறுநாளிலிருந்து யாரும் தொடவில்லை. மத்தியானம் சாப்பாட்டுப் பாத்திரம் வைக்க வசதியாக இருக்கிறது என்று சொன்னவன் ஒருத்தன். அவன்தான் பெஞ்சு வேலையில் மூன்றாவது ஆள். ஒத்தையாள் பகலை ராத்திரி என்று சொன்னாலும் 'ஆமாண்ணே, இருட்டா இருக்கு' என்பான் என்பதால் அவனுக்கு ஆமாஞ்சாமி என்று பேர்.

இரண்டாவது ஆள் அவளுடைய சொந்தத் தம்பி. முப்பத்திரண்டு வயது, இரண்டு பெண் குழந்தைகள். ஆறு வருஷத்துக்கு முன்னால் மாமா சிபாரிசில் உள்ளே வந்தவன். மாமா என்றால் அவனுக்கு உயிர். மாமா மாதிரியே சட்டைக் கையை மடித்து விட்டுக்கொள்வான், மாமா மாதிரியே உள்ளங்கையில் மண்ணைத் தேய்த்துக்கொண்டு தூக்குவான். கையுறை எடுத்து நீட்டினால் சிரிப்பான்.

"போக்கா. மாமா என்னிக்காவது கையுறை போட்டிருக்காரா?"

"உங்க மாமா கை இருக்கிற லட்சணத்தைப் பாத்தல்ல? நகம் நாலு இல்ல."

"அதெல்லாம் வேலைக்காரன் கைக்கா."

என்னத்தைச் சொல்ல!

நாலு மாசத்துக்கு முன்னால் ஒரு காலை நேரம், குளித்துவிட்டு வந்து ஈரத் தலையோடு நின்ற ஒத்தையாள் ஒரு தும்மல் போட்டார். போட்டவர் அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நூற்று முப்பத்தெட்டு கிலோ பெஞ்சை நடத்திக் காட்டிய மனிதரை ஒரு தும்மல் கவிழ்த்துவிட்டது. டாக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். முதுகெலும்பில் இரண்டு இடத்தில் வட்டு பிதுங்கியிருக்கிறது, இது தும்மலில் வந்தது இல்லை, வருஷக்கணக்காக முறுக்கி முறுக்கித் தூக்கியதில் வந்தது, தும்மல் ஒரு சாக்கு, இனிமேல் குனிந்து ஒரு குடத்தைக்கூடத் தூக்கக் கூடாது என்றார். ஒத்தையாள் எல்லாவற்றுக்கும் சரி சரி என்றார். வெளியே வந்ததும் பொண்டாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வெளிய யாருக்கும் தெரியக் கூடாது. உன் தம்பிக்குக் கூட. தெரிஞ்சுது, அப்புறம் அங்க என்னை எவன் மதிப்பான்?"

அவள் சொல்லவில்லை. வாக்குக் கொடுத்துவிட்டாளாம்! பூங்கா முழுக்க நடக்கிற வெட்டி ஜம்பத்தைப் பார்த்து முகத்தைச் சுளிக்கிற மகராசி, தன் வீட்டு ஜம்பத்தைச் சேலைத் தலைப்பில் முடிந்து வைத்துக்கொண்டாள். ஒத்தையாள் பொண்டாட்டி என்று நாலு பேர் சொல்வதில் அவளுக்கும் ஒரு ருசி இருந்தது, அதுதான் விஷயம். வெளியே ஒப்புக்கொள்ள மாட்டாள்.

தினமும் காலையில் அவருக்கு இடுப்புப் பட்டையை இறுக்கிக் கட்டி, மேலே தொளதொளச் சட்டையை மாட்டிவிடுவாள். அவரால் குனிய முடியாது என்பதால் சாக்ஸைக் கூட அவள்தான் போட்டுவிட வேண்டும். அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, காலை நீட்டிக்கொண்டு, கூரையைப் பார்த்தபடி அன்றைய பெஞ்சு வேலையைப் பற்றிப் பெரிதாகப் பேசுவார். அவள் தரையில் உட்கார்ந்து அவர் பாதத்தோடு மல்லுக்கட்டுவாள்.

"இன்னைக்கு வடக்குப் பக்கம் ஆறு பெஞ்சு. மூணு மணி நேரத்துல முடிச்சிடுவேன்."

"முடிப்பீங்க. முதல்ல குதிகாலைத் தூக்குங்க."

பூங்காவுக்கு வந்ததும் நாடகம் ஆரம்பிக்கும். முனையைப் பிடிக்கிற வேலையை அவர் விட்டுவிட்டார். தம்பியை ஒரு முனையிலும் ஆமாஞ்சாமியை மறு முனையிலும் நிறுத்திவிட்டு, தான் நடுவில் நின்று சாய்மானத்தில் கையை வைத்துக்கொள்வார். கேட்டால் பேலன்ஸ் பார்க்கிறாராம். "ஒண்ணு, ரெண்டு, தூக்கு!" என்று கத்தி, மூச்சை அடக்கி, முகத்தைச் சிவக்க வைப்பார். அந்த முகத்தைப் பார்த்தால் பெஞ்சு மொத்தமும் அவர் தலையில் இருக்கிறது என்றுதான் தோன்றும். உண்மையில் அவர் கை அதில் பட்டும் படாமலும் இருக்கும். கனம் முழுக்க மற்ற இரண்டு பேர் மேல்.

அந்த இரண்டு மடையர்களும் என்ன நினைத்தார்கள் தெரியுமா? தங்களுக்குத்தான் பலம் குறைந்துவிட்டது என்று நினைத்தார்கள்.

"அக்கா, பெஞ்செல்லாம் முன்ன மாதிரி இல்லக்கா. ரொம்பக் கனக்குது" என்று ஒரு நாள் தம்பி ஸ்டோரில் வந்து உட்கார்ந்து தோளைப் பிடித்துவிட்டுக்கொண்டான். "எனக்கு வயசாயிடுச்சு போல. மாமாவைப் பாரு, இந்த வயசுல எப்படி நிக்கிறாரு! நான் காலையில ரெண்டு முட்டை சேத்துச் சாப்பிட ஆரம்பிச்சிட்டேன்."

அவள் பேனாவைத் திறந்து, மூடி, திறந்தாள்.

மழையில் மரம் தண்ணீர் குடித்துவிட்டது என்றான் ஆமாஞ்சாமி. சூப்பிரண்டு இன்னும் ஒரு படி மேலே போனார். வருஷா வருஷம் பெயின்ட் மேல் பெயின்ட் அடித்தால் கனம் கூடாதா என்று கேட்டார். படித்த மனிதர்!

போன மாசம் ஒரு மூணாள் பெஞ்சைச் சரிவில் இறக்கும்போது அது சறுக்கியது. கீழ்ப் பக்கம் நின்றவன் தம்பி. முழங்காலுக்குக் கீழே ஒரு சாண் நீளத்துக்குத் தோல் உரிந்து ரத்தமாகக் கொட்டியது. நடந்தது என்னவென்று அவள் ஜன்னலில் தெளிவாகப் பார்த்தாள். நடுவில் நின்றவருக்கு முதுகில் சுருக்கென்று இழுத்திருக்கிறது. அவர் துள்ளி, சாய்மானத்தின் மேல் தன் உடம்பைப் போட்டுவிட்டார். பெஞ்சோடு சேர்ந்து அவர் எடையும் தம்பி கைக்குப் போயிற்று. ஆனால் தம்பி ரத்தத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னது இது.

"என் கை நழுவிடுச்சு மாமா. மன்னிச்சிடுங்க."

"பாத்துப் பிடிக்க வேணாமாடா?" என்றார் ஒத்தையாள். அதையும் சொன்னார், வெட்கமில்லாமல்!

அன்றைக்கு ஸ்டோரில் உட்கார்ந்து தம்பி காலுக்கு மருந்து போட்டது அவள்தான். ஒரு அங்குலம் தள்ளிப் பட்டிருந்தால் எலும்பு போயிருக்கும். இரண்டு பெண் பிள்ளைகளை வைத்திருக்கிறவன். எல்லாம் தெரிந்தும் பஞ்சை நனைத்து நனைத்துத் துடைத்தாளே தவிர, 'உன் கை நழுவலடா' என்ற மூன்று வார்த்தை அவள் வாயிலிருந்து வரவில்லை. அதற்கப்புறம் பூங்காவில் வேறு யாரைத் திட்டவும் அவளுக்கு வாய் கூசியது. இருந்தாலும் திட்டிக்கொண்டுதான் இருந்தாள்.

அப்புறம் அந்தக் காலை வந்தது. இரண்டு நாளில் மேலிடத்துப் பெரிய அதிகாரி வருகிறார், குளக்கரையில் நின்று படம் எடுத்துக்கொள்வார், அதனால் மேட்டுப் பாதையில் இருக்கிற நாலாள் பெஞ்சுகளில் எட்டைக் கீழே கொண்டுபோய்ப் போட வேண்டும் என்று சூப்பிரண்டு உத்தரவு போட்டிருந்தார். அதோடு விட்டாரா? தன் மாமனார், மைத்துனிகள், அவர்கள் பிள்ளைகள் எல்லாரையும் வேடிக்கை பார்க்க வரச் சொல்லியிருந்தார். முந்தின நாள் பெய்த மழையில் சரிவெல்லாம் வழவழவென்று இருந்தது.

வீட்டில் பட்டையைக் கட்டும்போதே அவள் சொன்னாள்.

"இன்னைக்கு மட்டும் டிராலியை எடுத்துக்கோங்க. பாதை முழுக்கப் பாசி."

"சூப்பிரண்டு வீட்டு ஆளுங்க வர்றாங்க. அவங்க முன்னாடி டிராலியைத் தள்ளிக்கிட்டு நிக்கவா? நான் என்ன ஐஸ் விக்கிறவனா?"

"ஐஸ் விக்கிறவனுக்கு முதுகு நல்லா இருக்கும்."

"வாயை மூடிக்கிட்டுப் பட்டையை இழு."

இழுத்தாள். இன்னும் இரண்டு துளை சேர்த்தே இழுத்தாள்.

பத்து மணிக்குச் சூப்பிரண்டு குடும்பம் வந்து சேர்ந்தது. மாமனாருக்கு ஒரு கம்பிப் பெஞ்சு துடைத்துப் போட்டார்கள். பிள்ளைகள் முன்னால் வந்து நின்றார்கள். சூப்பிரண்டு கையை வீசி அறிமுகம் செய்து வைத்தார்.

"இவர்தான் மாமா நான் சொன்ன ஒத்தையாள். எங்க நோட்டுலயே இவரு ரெண்டாள் கணக்கு!"

மாமனார் அவரை மேலும் கீழும் பார்த்து, "அப்படியா! எங்க, தூக்கட்டும் பாப்போம்" என்றார்.

போதாதா? ஒத்தையாளுக்கு நெஞ்சு விரிந்தது. நடுவில் நின்று பேலன்ஸ் பார்க்கிற வேலையெல்லாம் அன்றைக்கு ஞாபகத்துக்கு வரவில்லை. சட்டைக் கையை மடித்தார். தம்பியையும் ஆமாஞ்சாமியையும் சரிவின் கீழ்ப் பக்கம் போகச் சொன்னார்.

"ரெண்டு பேரும் கீழ்முனையைப் பிடிங்க. மேல்முனை எனக்கு. நான் ஒருத்தன் போதும்."

"மாமான்னா மாமாதான்!" என்று தம்பி பெஞ்சுக்குக் கீழே போய், பள்ளத்துக்கு முதுகைக் காட்டி நின்றான். காலில் வெறும் ரப்பர் செருப்பு.

ஜன்னலில் இருந்தவள் எழுந்து நின்றுவிட்டாள். அறுபத்தேழு கிலோவை மேலே பிடிக்கப் போகிற மனிதர் காலையில் சாக்ஸ் போட முடியாதவர். அவர் இரண்டடி எடுத்து வைத்துக் கை விட்டால் போதும். பாசிச் சரிவில் நூற்று நாற்பது கிலோ இரும்பும் மரமும் நேராகத் தம்பியின் முழங்காலில் போய் முட்டும். அவன் பின்னால் போகவும் வழியில்லை, பின்னால் குளம்.

அவள் மேஜையைத் தள்ளிவிட்டு ஓடினாள். செருப்பு போடவில்லை. ஸ்டோரைப் பூட்டவில்லை. பதினெட்டு வருஷத்தில் அவள் ஓடி யாரும் பார்த்ததில்லை.

"நிறுத்துங்க! யாரும் தூக்காதீங்க!"

எல்லாரும் திரும்பினார்கள். சூப்பிரண்டு முகத்தைச் சுளித்தார்.

"என்னம்மா இது? விருந்தாளி எல்லாம் இருக்காங்க."

"சார், இது நாலாள் பெஞ்சு. இங்க ரெண்டு பேர்தான் இருக்காங்க."

"மூணு பேர் நிக்கிறாங்களே. அதுல உங்க வீட்டுக்காரர் ரெண்டாள். கணக்கு சரியா இருக்கேம்மா?" சூப்பிரண்டு மாமனாரைப் பார்த்துச் சிரித்தார்.

"அவரை எண்ணாதீங்க சார்."

"எண்ணாதீங்கன்னா?"

"அரை ஆளாக் கூட எண்ணாதீங்க. அவர் முதுகு போயி நாலு மாசம் ஆச்சு. சட்டைக்குள்ள பட்டை கட்டியிருக்கார். தினமும் காலையில அவருக்குச் சாக்ஸ் மாட்டிவிடுறதே நான்தான்."

மைத்துனிகளில் ஒருத்தி களுக்கென்று சிரித்துவிட்டுக் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஆமாஞ்சாமி வாழ்க்கையில் முதல் தடவையாக எதற்கும் ஆமாம் போடவில்லை. ஒத்தையாள் முகம் கறுத்து, அப்புறம் ஒரு சிரிப்பை எங்கிருந்தோ இழுத்துக்கொண்டு வந்து ஒட்டவைத்தார்.

"வீட்டுல ஒரு சின்னச் சண்டை சார். அதான் பழி தீர்க்கிறா. இப்பப் பாருங்க."

"வேணாங்க" என்றாள். "தம்பி, டேய், விலகி நில்லுடா!"

தம்பி என்ன ஏது என்று புரியாமல் ஓரமாகத் தாவினான். ஆமாஞ்சாமியும் தாவினான். ஒத்தையாள் குனிந்து மேல்முனையைப் பிடித்து, இடுப்பைத் திருப்பி, பழைய மாதிரி ஒரு இழுப்பு இழுத்தார். இரும்புக் கால் ஒரு விரல்கடை எழும்பியது. உடனே தொப்பென்று விழுந்தது. பெஞ்சு கொஞ்ச தூரம் சறுக்கி, தம்பி நின்றிருந்த இடத்தைத் தாண்டிப் போய், ஓரக் கல்லில் இடித்து நின்றது. கல் இரண்டாக உடைந்தது.

ஒத்தையாள் நிமிரவில்லை. குனிந்தது குனிந்தபடி, கை இரண்டும் முட்டியில், அப்படியே நின்றார். முகத்திலிருந்து வியர்வை மூக்கு வழியாகச் சொட்டியது.

தம்பி உடைந்த கல்லைப் பார்த்தான். தன் காலைப் பார்த்தான். அப்புறம் மாமாவைப் பார்த்தான். கடைசியில்தான் அக்காவைப் பார்த்தான்.

"அப்ப அன்னைக்கு என் கை நழுவலியாக்கா?"

அவள் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"உனக்குத் தெரியும், இல்ல? மருந்து போட்டுவிட்டியே, அப்பவும் தெரியும்." அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவள் தாங்கியிருப்பாள். "நான் முட்டை தின்னுக்கிட்டு இருந்தேன்க்கா."

பதினெட்டு வருஷமாக ஊரிலிருக்கிற அத்தனை பேரையும் ஏளனமாகப் பார்த்த கண்ணை அவள் அன்றைக்குத் தாழ்த்திக்கொண்டாள். அவளைவிடக் கேவலமானவர் அந்த மேட்டில் யாரும் இல்லை என்று அவளுக்கே தெரிந்தது. தம்பி அவள் முகத்தை ஒரு கணம் பார்த்துக்கொண்டு நின்றான். அப்புறம் திரும்பி ஸ்டோரை நோக்கி நடந்தான். கொஞ்ச நேரத்தில் டிராலியைத் தள்ளிக்கொண்டு வந்தான்.

பாத்திரம் வைக்க மட்டுமே பயன்பட்ட சாமான், என்ன அழகாக வேலை செய்தது! தம்பியும் ஆமாஞ்சாமியும் பெஞ்சின் ஒரு முனையை உயர்த்தி அடியில் தள்ளினார்கள். வாரைப் போட்டு இறுக்கினார்கள். இரண்டு பேருமே மேட்டுப் பக்கம் நின்று, கயிற்றை இழுத்துப் பிடித்து, அடிமேல் அடி வைத்து இறக்கினார்கள். பெஞ்சு சாதுவாக உருண்டு போயிற்று. பிள்ளைகள் கூடவே ஓடினார்கள். மைத்துனிகள் பின்னால் போனார்கள். மாமனார் எழுந்து நின்று, "அடேயப்பா! இவ்வளவு சுலபமா? இதை முன்னாடியே செய்ய வேண்டியதுதானே மாப்பிள்ளை!" என்றபடி சரிவில் இறங்கினார். சூப்பிரண்டு, இதெல்லாம் என் ஏற்பாடுதான் என்கிற முகத்தோடு அவர் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார். பாதி வழியில் பிள்ளைகள் கைதட்ட ஆரம்பித்தார்கள்.

மேட்டில் மிச்சம் இருந்தது இரண்டு பேர்தான்.

அவள் அவர் பக்கத்தில் போய், முட்டியை மடக்கி, முதுகை நேராக வைத்து, அவர் கையைத் தன் தோள் மேல் போட்டுக்கொண்டாள். கொஞ்சம் கொஞ்சமாக எழுந்தாள். அவர் உடம்பு முழுவதும் அவள் மேல் சாய்ந்தது. இந்தக் கனத்தை அவர் இத்தனை நாள் யார் யார் மேலேயோ போட்டுக்கொண்டு திரிந்தார் என்று நினைத்ததும் அவளுக்கு ஆத்திரமாக வந்தது. கன்னத்தில் ஒன்று கொடுக்க வேண்டும் போல இருந்தது. கை அவரை விட முடியாத இடத்தில் இருந்தது.

அவர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டிருந்தார். பல்லைக் கடித்துக்கொண்டு காதோரம் கேட்டார்.

"எல்லாரும் பாக்குறாங்களா?"

அவள் சரிவைப் பார்த்தாள். அத்தனை பேர் முதுகும் இந்தப் பக்கம் இருந்தது. 'ஆமா, பாக்குறாங்க' என்று பொய் சொல்லியிருக்கலாம். நாலு மாசமாகச் சொல்லிப் பழகியவள்தானே.

"யாரும் பாக்கலை" என்றாள்.

அவர் நம்பவில்லை. கண்ணைத் திறந்து, கழுத்தை மட்டும் மெல்லத் திருப்பி, தானே ஒரு தடவை பார்த்தார். பெஞ்சு குளக்கரைக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. எல்லாரும் அதைச் சுற்றி நின்றார்கள்.

கல்யாணமாகிப் பதினேழு வருஷத்தில் அவர் அழுது அவள் பார்த்தது அப்போதுதான்.